கவிழ்ந்து எடுத்த படம்

குழாய்த் தொழிற்சாலையில் அவளுக்கு ‘மறுபடி அக்கா’ என்று பெயர். பற்றவைத்த குழாய்களை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒரே ஒரு படத்தை நம்பி அவள் எதற்கும் முத்திரை குத்தியதில்லை. “உருட்டி வச்சு மறுபடி எடு” என்பாள். மேலாளர் பல்லைக் கடிப்பார். ஆனாலும் உருட்டத்தான் வேண்டும்.

அண்ணன் குடல் புற்றுநோயில் போனவர். மலத்தில் ரத்தம் போவதைச் சொல்லக் கூச்சப்பட்டே ஒரு வருஷத்தைக் கடத்தினார். தனக்கும் அது வந்துவிடுமோ என்ற பயம் அவளை அரித்தது. கேமரா குழாயை உள்ளே விடாமல், குடலில் காற்றூதி வெளியிலிருந்தே படமெடுக்கும் ஸ்கேனை டாக்டர் எழுதிக் கொடுத்தார். மல்லாந்து ஒரு படம், கவிழ்ந்து ஒரு படம். அடியில் தேங்கிய நீர் எதையாவது மறைத்தால், புரளும்போது விலகிவிடும் என்றார். கேட்டதுமே அவளுக்கு டாக்டரைப் பிடித்துப்போனது.

முதல் படம் முடிந்ததும் ஸ்கேன்காரர் வந்தார். “எறங்குங்கம்மா. படம் சுத்தமா இருக்கு. வெளிய கூட்டம் நிக்குது.”

“இன்னும் கவுந்து படுக்கலையே தம்பி.”

“இதுவே போதும்மா.”

“உனக்குப் போதும். எனக்குப் போதாது.”

காற்றேறிய வயிறு விண்ணென்று வலித்தது. இறங்கினால் நிம்மதிதான். அவளோ தானே புரண்டு குப்புறப் படுத்துக்கொண்டாள். “எடுக்காம நகர மாட்டேன்.”

மறுநாள் டாக்டர் இரண்டு படங்களையும் காட்டினார். மல்லாந்ததில் ஒன்றுமில்லை. கவிழ்ந்ததில், நீர் விலகிய இடத்தில், வேர்க்கடலை அளவு சதை முளைத்திருந்தது.

“இப்பவே எடுத்துட்டா புத்துநோயா மாறாது. ஆனா அதுக்குக் கேமரா குழாய் விட்டாகணும்.”

“விடுங்க டாக்டர். பழுது தெரிஞ்ச பிறகு நான் எந்தக் குழாயையும் சும்மா அனுப்பினதில்ல.”

வெளியே ஸ்கேன் அறை வாசலில் நீள வரிசை. அவள் நேராக அதன் முன்னால் போய் நின்றாள்.

“குடல் படம் எடுக்க வந்தவங்க யாரு? கவுந்து படுத்தும் ஒரு படம் கேட்டு வாங்குங்க.”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கூட வந்த அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வாயேன், மானம் போகுது.”

“அண்ணன் அந்த மானத்தக் காப்பாத்திக்கிட்டுத்தான் போய்ச் சேந்தாரு, அண்ணி.”

அண்ணி கையை விட்டுவிட்டாள். மறுபடி அக்கா குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டாள். கடைசியில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் மெல்லக் கை தூக்கினார்.