நாலாம் நம்பர் டம்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் விஸ்கி விருந்து. பதறாதீர்கள். நான் குடிக்கவில்லை, ஊற்றிக் கொடுத்தேன். ஆனால் மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்க இந்த வாரம் வேறு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. மீன் வாங்கப் போனால் மீன்காரச் சேச்சி என்னைப் புது மரியாதையோடு பார்க்கிறார். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

என் கொழுந்தன் ரவி ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தவன் ஐந்து குட்டி பாட்டில்களைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தான். எல்லாம் புகை விஸ்கியாம். அந்த ஊரில் சதுப்பு நிலத்து மண்ணை, செடி கொடி மக்கி இறுகிப்போன கறுப்பு மண்ணை, வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம். அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். அதில் செய்த விஸ்கியில் கடைசிவரைக்கும் அந்தப் புகை நிற்குமாம்.

நான் ஒன்றை முகர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தீப்பிடித்த மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை பேர் உயிரை விடுகிறார்கள்?

"சும்மா குடிக்கக் கூடாது அண்ணி. எது எதுன்னு தெரியாம முகர்ந்து, ருசிச்சுச் சொல்லணும். அதுதான் விளையாட்டே" என்றான் ரவி.

விளையாட்டுக்கு நடுவர் வேண்டும். குடிக்காத ஒரே ஆள் நான். கலர் தெரியக்கூடாது என்பதால் எவர்சில்வர் டம்ளர். ஒரே டம்ளர்தான், கை மாறி வரும். முதல் சுற்றில் யாரும் வாயில் வைக்கக் கூடாது, முகர்ந்து மட்டும் பார்க்க வேண்டும். இரண்டாவது சுற்றில்தான் குடி. சட்டமெல்லாம் கோர்ட்டு மாதிரி பலமாகத்தான் இருந்தது.

ஆட்டத்துக்கு மூன்று பேர். ரவி, என் வீட்டுக்காரர், அப்புறம் செல்லப்பண்ணன்.

செல்லப்பண்ணனை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மனைவி ஓமனையோடு எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். பூர்வீகம் தென்காசிப் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். பஜார் ரோட்டில் ஒரு குஜராத்திச் சேட்டின் மிளகு கோடவுனில் முப்பது வருஷமாகத் தரம் பார்க்கிறார். சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ஊதி, மூக்கருகே கொண்டுபோனால் போதும். வயநாடா, இடுக்கியா, மழையில் நனைந்ததா, பூசணம் தட்டியதா, எல்லாம் சொல்லிவிடுவார். கோடவுனில் அவருக்குப் பெயரே மூக்கன்தான். எங்கள் வீட்டு கேட்டைத் திறக்கும்போதே, "இன்னிக்கு மத்திச் சாறா தங்கச்சி? கொடம்புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்பார். சரியாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் வந்தார். உள்ளே வந்து, "என்ன தங்கச்சி, இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார். அடுப்பில் அப்போதுதான் பால் பொங்கி வழிந்து தீய்ந்து, வீடே நாறிக்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. விருந்தாளி ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நம் புத்தி என்றைக்குச் சமயத்தில் வேலை செய்திருக்கிறது?

லேபிள் தெரியக்கூடாதே என்று விஸ்கிகளை ஐந்து ஒரே மாதிரி கண்ணாடி பாட்டில்களில் மாற்றியிருந்தேன். வீட்டில் குடிதண்ணீர் வைக்கிற பாட்டில்கள்தான். அடுக்களை மேடையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வரிசையாக வைத்தேன். நம்பரை எதில் ஒட்டினேன்? மூடியில். ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று எல்லா மூடியையும் கழற்றியும் வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நீங்கள் பல வருஷமாக இந்தப் பத்தியில் பார்த்து வருகிறீர்கள்.

ஆட்டம் தொடங்கியது. ரவி முதலில் ஒரு பிரசங்கம் செய்தான் - கொட்டாங்கச்சிப் புகை, ஆஸ்பத்திரி வாடை, கடல் பாசி, உப்பு, தார்... எதெது வரலாம் என்று பெரிய பட்டியல். பிறகு, "மூக்குக்கு முதல் மரியாதை" என்று டம்ளரைச் செல்லப்பண்ணனிடம் நீட்டினான்.

அவர் கண்ணை மூடினார். டம்ளரை மூக்குக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இளம் புகை. கொட்டாங்கச்சி எரிஞ்சு அணைஞ்ச மாதிரி."

ரவி பயபக்தியோடு எழுதிக்கொண்டான். என் வீட்டுக்காரரும் முகர்ந்துவிட்டு, "அதே அதே" என்றார். ஜலதோஷம் இல்லாத நாளிலேயே முல்லை எது, மல்லி எது என்று தெரியாமல் எனக்குப் பூ வாங்கி வருகிறவர். அன்றைக்கு ஜலதோஷம் வேறு. இரண்டாவதில் ஆஸ்பத்திரி. மூன்றாவதில் கடல் பாசி. ரவி தன் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே போனான்.

நாலாம் நம்பரை ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்கு வந்தேன். தாகம். எங்கள் ஊரில் வெறும் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கரிங்காலிக் கட்டையைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான் எல்லா வீட்டிலும், எல்லா ஹோட்டலிலும். தேன் கலரில் இருக்கும். ருசி, மணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்தேன்... குப்பென்று மூக்கில் அடித்தது ஆஸ்பத்திரித் தீ.

அது விஸ்கி. நாலாம் நம்பர் விஸ்கி என் கையில் இருக்கிறது. அப்படியானால் டம்ளரில் போனது?

கரிங்காலித் தண்ணீர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து சுமந்து வந்தவனுக்கு மட்டாஞ்சேரிக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்திருக்கிறேன். போய் ஒப்புக்கொண்டு திட்டு வாங்கலாம் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினேன். வாசற்படியில் கால் வைக்கும்போது செல்லப்பண்ணன் குரல் கேட்டது.

"அடேயப்பா... புகைன்னா இதுதான் புகை கேட்டோ. முன்னே வந்த மூணும் இதுக்குத் தூசி."

சிரிப்பு நின்றுவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் டம்ளரை மூக்குக்கு அடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனுஷன். நெற்றியில் வியர்வை. பாலின் தீய்ந்த நாற்றம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மத்தியானம் முழுக்க அவர் சொன்னதெல்லாம் ரவியின் பட்டியலிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்ததுதான் என்பதும் புரிந்தது. இவருக்கு ஒரு வாசனையும் வரவில்லை.

ரவி டம்ளருக்குக் கை நீட்டினான். அவன் முகர்ந்தால் முடிந்தது. அவன் கெட்டவன் இல்லை, ஆனால் விழுந்து விழுந்து சிரிப்பான். நாளைக்குச் சாயாக்கடையில் கதை. மறுநாள் கோடவுனில். மூக்கை வைத்து முப்பது வருஷம் சோறு தின்ற ஆளுக்கு அதற்கப்புறம் என்ன இருக்கிறது?

யோசிக்கவெல்லாம் இல்லை. பாய்ந்து போய் டம்ளரைப் பிடுங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

"அண்ணி..." என்றான் ரவி.

"என்ன அண்ணி? மத்தியானம் பிடிச்சு ஊத்திக் கொடுக்கிறவளுக்கு ஒரு வாய் கூடாதா?" என்று சொல்லிவிட்டு நாலு தரம் இருமினேன்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஃபேனைக் கூட்டினார். அடுக்களைக்கு ஓடிப்போய், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகத் தன் கையால் மோர் கரைத்துக்கொண்டு வந்தார். உப்பு போட மறந்திருந்தார். அப்படியே குடித்து முடித்தேன். ஆட்டம் அதோடு கலைந்தது.

செல்லப்பண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கேட் வரைக்கும் போனேன்.

"நாலாம் நம்பர் என்னது தங்கச்சி?" என்றார் மெதுவாக.

"ஏன் கேக்கறீங்க?"

"நீ இருமினே. முகம் சுளிக்கலயே. மூக்குதான் போச்சு, கண்ணு இருக்குல்லா."

இருமத் தெரிந்த எனக்கு முகம் சுளிக்கத் தெரியவில்லை, பாருங்கள்.

"கரிங்காலித் தண்ணி" என்றேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆறு மாசமாச்சு. ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. மிளகைக் கடிச்சா எரிவு தெரியும். மணம் மட்டும் கிட்டலை. கண்ணால பாத்தும் நகத்தால கீறிப் பாத்தும் ஓட்டிட்டிருக்கேன். வீட்ல ஓமனைக்குக்கூடத் தெரியாது."

"அப்புறம் ஏன் இன்னிக்கு வந்தீங்க?"

"வரலைன்னா ஏன்னு கேப்பாங்கல்லா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "பூசணம் பிடிச்ச சாக்கு ஒண்ணு உங்க கை தாண்டிப் போனா என்ன ஆகும்? சேட்டுகிட்ட சொல்ல வேண்டாமா?" என்று பொரிந்து தள்ளினேன்.

"ராத்திரி அதை நினைச்சுதான் தூக்கம் கெட்டுக் கெடக்கேன்" என்றார். "மூக்கில்லாத மூக்கனை எவன் வேலைக்கு வச்சுப்பான், சொல்லு."

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?

புதன்கிழமை சாயங்காலம் வந்தார். சேட்டிடம் சொல்லிவிட்டாராம். அதற்கு அந்தச் சேட்டு, கணக்கு நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "அஞ்சு மாசமா எனக்குத் தெரியும்" என்றிருக்கிறார். "கருவாட்டுக் கொட்டகையைத் தாண்டும்போது முப்பது வருஷமா மூக்கைப் பொத்திட்டுப் போற ஆளு, ஒரு நாள் பொத்தாமப் போனே. அன்னியிலிருந்து நீ பார்த்து விட்ட சாக்கை, நீ வீட்டுக்குப் போனதும் நான் ஒருதரம் முகர்ந்துட்டுத்தான் அனுப்பறேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன். கையும் கண்ணும் இருக்கு, நாளைக்கு நேரத்துக்கு வா."

இதைச் சொல்லும்போது செல்லப்பண்ணன் அழுதார். நானும்தான். வெட்கம் என்ன இதில்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று நாம் இராப்பகலாகப் பாடுபடுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அதைப் பார்த்துவிட்டு, நமக்கு வலிக்கக்கூடாதே என்று பேசாமல் இருக்கிறார். இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். நமக்குத்தான் அவர்களை நம்பத் துணிச்சல் வருவதில்லை.

எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர், காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை என்று முகர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ரவி மிச்சம் வைத்துப்போன நாலாம் நம்பரையும் செல்லப்பண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அதை முகர்ந்து முகம் சுளிக்கிற அன்றைக்கு முதல் போன் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் எழுதச் சொன்னதும் அவர்தான். "தங்கச்சி பேரு கெட்டுப்போகக் கூடாதுல்லா" என்றார்.

இந்தப் பத்தியை நீங்கள் படிக்கும் இதே நேரத்தில் என் வீட்டுக்காரரும் படித்துக்கொண்டிருப்பார்... ஏங்க, அந்த மோர் இன்னொரு தரம் கிடைக்குமா? இந்தத் தடவை உப்புப் போட்டு.