முப்பத்திரண்டு வீட்டு அரிசி

எங்கள் சமையலறை மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகர டின் நின்றது. போதகர் வீட்டுக்கு அதுதான் வயல், அதுதான் கடை. தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா போதகராக இருந்தார். சபையில் முப்பத்திரண்டு வீடுகள், எல்லாம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது சின்னச் சின்னப் பைகளில் கோயிலுக்கு வரும். அப்பா ஜெபித்து எல்லாவற்றையும் அந்த டின்னுக்குள் கொட்டுவார். சிவப்பரிசி, வெள்ளைப் பச்சையரிசி, நாட்டரிசி, சம்பா, பாதி உடைந்த அரிசி எல்லாம் உள்ளே ஒன்றாகக் கிடக்கும். வாரம் முழுக்க நாங்கள் சாப்பிட்டது அதைத்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் ஒரு தடவை ஆக்கிப் பார்க்கட்டும். வெள்ளைப் பச்சையரிசி களியாகும் நேரத்தில் சிவப்பு பல்லை உடைக்கும். நான் ஆக்கினால் ஒரே சட்டிக்குள் கஞ்சியும் கல்லும் சேர்ந்து கிடைக்கும். எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊருக்கே தெரியும். அம்மா ஆக்கினால் பூ மாதிரி உதிரும். அவள் சட்டியைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் பார்த்தாள். கொதிக்கிற சத்தம் மாறினதும் கஞ்சியை வடித்து, மூடிமேல் ரப்பர் விறகுத் தணலை அள்ளிப் போட்டு, மிச்சத்தை ஆவியிலேயே வேகவிடுவாள். அதற்குள் யாராவது மூடியைத் திறந்தால் தொலைந்தார்கள்.

அப்படி ஆக்கியவளுக்கு அந்தச் சோறு பெருமையாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வெளியாட்கள் வந்தால் அம்மாவுக்குக் கூச்சம். தட்டில் சிவப்பும் வெள்ளையுமாகக் கிடக்கிற சோற்றைப் பார்த்ததுமே, பல வீட்டில் வாங்கித் தின்கிற குடும்பம் என்று தெரிந்துபோகுமாம். "ஒரு நாளைக்காவது நாம வாங்குன அரிசியில, ஒரே நெறமா சோறு ஆக்கி ஒருத்தருக்குப் போடணும்டி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த நாள் என் கல்யாணப் பேச்சோடு வந்தது.

நான் இரத்தினபுரியில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது கூடப் படித்தவர்தான் மாப்பிள்ளை. சொந்த ஊர் வரக்காப்பொல. எங்கள் இருவருக்கும் பிடித்துப் போயிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அவருடைய அம்மா அங்கே சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். சோற்றைத் தொட்டுப் பார்த்தே எத்தனை கொதி வந்தது என்று சொல்வாராம். அதற்கு முன் பார்த்த ஒரு பெண்ணின் வீட்டில் பருப்பில் உப்பில்லை என்று பேச்சையே விட்டுவிட்டாராம். அந்த அம்மா ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு ஒரு வாரம் தூக்கமே வரவில்லை. அம்மாவோ பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தாள். டவுனுக்கு இறங்கி, முஸ்லிம் நானா கடையில் விலை கூடின கீரி சம்பா வாங்கிவந்தாள். வெள்ளி மணி மாதிரி அரிசி. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை பார்த்தாளோ, அப்பாவிடம் சொல்லத்தான் மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கோழிக்கறி அடுப்பில் இருந்தது. பொலஸ் என்கிற பலாப்பிஞ்சுக் கறி வெந்துவிட்டது, மாசிக் கருவாட்டுச் சம்பல் இடித்தாயிற்று. அம்மா கல் பொறுக்க அரிசிப் பையை வெளிச்சத்துக்கு முன்வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு, கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனாள். ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த நேரம் பார்த்து அப்பா ஒரு வீட்டு ஜெபத்தை முடித்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வர முடியாதவர்கள் அரிசியை வைத்துவிட்டுப் போவது அதே பெஞ்சில்தான்.

நான் சமையலறைக்குள் நுழைந்தபோது அப்பா முழங்கைவரை டின்னுக்குள் கையை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். வண்டு பிடிக்காமலிருக்க எப்போதும் அப்படித்தான் செய்வார். முகமெல்லாம் சிரிப்பு.

"யாரோ நல்ல மனசுக்காரங்க கீரி சம்பாவே வச்சிட்டுப் போயிருக்காங்கம்மா. கர்த்தர் அந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும்."

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா கறிவேப்பிலையோடு நின்றாள். "ஜெபம் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பண்ணிட்டேன்."

"அப்ப நம்ம வீட்டைத்தான் ஆசீர்வதிச்சிருக்கீங்க."

அப்பாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மனுசன் பலகையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கடைக்கு ஓடலாமென்றால் தோட்டத்திலிருந்த ஒரே ஆட்டோ விருந்தாளிகளைக் கூட்டிவரப் போயிருந்தது. நான் டின்னுக்குள் கையை விட்டுப் பொறுக்கவே தொடங்கிவிட்டேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "வெலகு. நேரமாகுது" என்று டின்னிலிருந்து அள்ளினாள்.

அவரும் அவருடைய அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சட்டியைக் கொண்டுவந்து வைத்துத் தட்டுகளில் போட்டாள். சிவப்பும் வெள்ளையும் நீளமும் குட்டையுமாகச் சோறு, நடுவில் அங்கங்கே அவள் ஆசைப்பட்டு வாங்கிய கீரி சம்பா. வரக்காப்பொல அம்மா கறியைத் தொடவில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினார். இன்னொன்று, பிறகு இன்னொன்று.

"இது என்ன அரிசி?" என்றார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். "எங்க சபை அரிசிங்க. முப்பத்திரண்டு வீட்டுல இருந்து வந்தது. எங்க வீட்டுல தெனமும் இதுதான். இன்னைக்கு உங்களுக்குன்னு வேற வாங்கினேன், அதுவும் இதுக்குள்ள போயிருச்சு." சொல்லிவிட்டுத் தலையைக் குனியாமல் நின்றாள். வாழ்நாள் முழுக்கக் கூச்சப்பட்ட ஒன்றை அவள் இப்படி நிமிர்ந்து சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

அந்த அம்மா மூன்று நசுக்கிய பருக்கைகளையும் மகனிடம் நீட்டினார். "பாருடா. சிவப்பு வெந்திருக்கு, பச்சை குழையல. நான் முப்பது வருசமா கடை நடத்துறேன், என்னால இது ஏலாது." பிறகுதான் கோழிக்கறியை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். மூன்றாவது தடவை கேட்காமல் தானே போட்டுக்கொண்டார். அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார்.

கை கழுவ எழும்பும்போது என் பக்கம் திரும்பி, "பொண்ணுக்கும் இது வருமா?" என்று கேட்டார்.

வரும் என்று சொல்லம்மா என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அம்மா யோசிக்கவேயில்லை. "வராதுங்க. இவளுக்கு எல்லாத்துலயும் அவசரம். குழைச்சிருவா."

நான் செத்தேன். அந்த அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "பரவாயில்ல. மாசம் ஒருக்கா நீங்க வந்து ஆக்கிப் போடுங்க சம்பந்தி" என்றார்.

அம்மா வெட்கப்படவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. "அவிசாவளையில எறங்கி வரக்காப்பொலைக்கு எத்தனை மணிக்குங்க பஸ்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் கல்யாணம் முடிவாகிவிட்டதென்று.