அடுப்படியில் கேட்டது

என் மகள் ஆராய்ச்சி நிதி வாங்கியிருந்தாள். காலேஜில் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு வருகிற கல்வி உதவித்தொகை ஒழுங்காகக் கைக்குச் சேர்கிறதா என்று வீடு வீடாய்க் கேட்டு எழுதுகிற வேலை. பாதிப் பணம்தான் வந்தது. அறிக்கையைப் பார்த்துத்தான் மீதி. அது நின்றால் வேலையும் போச்சு, அவள் சம்பளமும் போச்சு.

துணைக்கு நானும் போவேன். அஞ்சாவதோடு நின்றவள், புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. அவள் முன்னறையில் படிவத்தோடு உட்காருவாள், நான் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். அவளுக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "எல்லாம் சரியா வருது டீச்சர்."

சாக்கோட்டையில் ஒரு வீட்டுக்காரி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து நார் உரித்தேன். திடீரென்று குரலை இறக்கிச் சொன்னாள்.

"எம் மக பாஸ்புக்கு, ஏடிஎம் கார்டு எல்லாம் காலேஜ் ஆபீஸ்லதான் இருக்குக்கா. எவ்வளவு வருதுன்னே தெரியாது. கேட்டா பரிச்சை எழுத விடமாட்டாக. உங்க மககிட்ட மூச்சு விட்றாதீக."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். இன்னும் இரண்டு வீட்டு அடுப்படியிலும் இதே பேச்சு, இதே சத்தியம்.

அறிக்கைக்கு நாலு நாள் இருக்கும்போது மகள் சோற்றைப் பிசைந்தபடியே அழுதாள்.

"எல்லாரும் எதையோ மறைக்கிறாகம்மா. நான் எதை எழுதுறது?"

சத்தியம் பண்ணிய கையாலேயே அவளுக்கு ரசம் ஊற்றினேன்.

மறுநாள் தனியாகச் சாக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். என் வயதில் அதுதான் முதல் தடவை. அந்த வீட்டுக்காரியிடம் கெஞ்சினேன், என் மகள் அறிக்கையில் பேர் போடமாட்டாள் என்றேன்.

"இந்த ஊர்ல இருந்து அந்தக் காலேஜ்ல படிக்கிறவ எம் மக ஒருத்திதான்க்கா. கண்டுபிடிச்சுருவாக. பரிச்சை முடியட்டும், நானே வந்து சொல்றேன்."

பரிச்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அறிக்கைக்கு மூன்றே நாள். பை நிறைய அவரைக்காய் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் கேட்டாள். "எங்குட்டும்மா போனீக?"

"கோயிலுக்கு."

"கோயில்ல அவரைக்காய் குடுக்குறாகளா இப்ப?" என்று சிரித்தவள், பையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தச் சாக்கோட்டை வீட்ல உங்ககிட்ட ஏதாவது சொன்னாகளாம்மா?"

"இல்லத்தா."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படிவத்தை இழுத்து, 'பணம் வருவதில் தடங்கல்' என்று இருந்த இடத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். அடுத்த தாளிலும் அதையே எழுதினாள். நான் அவரைக்காயைத் தட்டில் கொட்டி, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நார் உரிக்க ஆரம்பித்தேன்.