பெருவிலிருந்து வந்த பெண்ணும் எங்கள் வளவும்

போர் முடிந்து மீளக் குடியேறி, மன்னார்க் கடலோரம் அரிப்பு என்ற எங்கள் ஊரில் தகரக் கொட்டில் போட்ட மூன்றாம் மாதம், கக்கூசுக்குக் குழி வெட்டும்போது என் கணவரின் மண்வெட்டி செங்கல்லில் தட்டியது. கிளறிப் பார்த்தால் ஒரு சுவர். நாங்கள் அறிந்த செங்கற்களை விட அகலமான கற்கள். பக்கத்தில் பானை ஓடுகள். அவர் மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினார். பழைய கட்டடம் இருப்பது தெரிந்தால் தொல்பொருள் திணைக்களத்தார் பலகை நட்டுக் காணியை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் அப்போது பேச்சு. இன்னொரு தடவை எழும்பிப் போக எங்களுக்குத் தெம்பில்லை.

இரண்டு கிழமை கழித்து, பழைய கட்டடங்களை ஆராய்கிற ஒரு வெளிநாட்டுப் பெண் வந்தார். கடற்கரையில் இடிந்து கிடக்கும் மாளிகையைப் பார்த்துவிட்டு வீடுவீடாக வந்துகொண்டிருந்தார். மொழிபெயர்க்க மன்னாரிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை. அந்தப் பெண் வெள்ளைக்காரி இல்லை. எங்கள் நிறம், இரட்டைப் பின்னல். அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது. எங்களைப் போல ஒருத்தியாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கணவர் கடலுக்குப் போயிருந்தார்.

வீட்டு வளவுக்குள் பழைய கல், ஓடு ஏதும் கிடந்ததா என்று கேட்டார்.

"இஞ்ச ஒண்டுமில்லை," என்றேன். இருக்கக் கதிரைகூடக் கொடுக்கவில்லை.

அவர் கொட்டிலின் பின்பக்கம் நடந்தார். மூடிய குழியருகே குந்தி மண்ணைத் தொட்டார்.

பிறகு தன் ஊரைப் பற்றிச் சொன்னார். பெரு நாட்டில், அந்தீஸ் மலையில், நடந்தாலே மூச்சு வாங்கும் உயரத்தில் ஒரு மாகாணம். எங்கே தோண்டினாலும் பழங்காலத்துக் கல் மதில்தானாம். பார்க்க வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்களாம். அவருடைய அப்பாவின் உருளைக்கிழங்கு வயலில் ஒரு மதில் வெளிப்பட்டதும் வயலைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். அதன்பிறகு தன் வயலுக்குள் போக அப்பா வாசலில் நின்று அனுமதி கேட்டாராம்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு மேலும் ஏதோ சொன்னார். ஆசிரியை கொஞ்சம் தயங்கினார்.

"மண் புதுசெண்டு பாத்தவுடன தெரியுதாம். அது தெரியாமலிருக்க மேல வாழை வைக்கட்டாம்."

நான் அவர்களுக்கு முன்னால் வாசல் பக்கம் நடந்தேன்.

கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வாயைக் கிண்டப் பார்த்திருக்கிறாள் என்றார். "வாழை வைச்சா அதுதான் அளக்க வாற ஆக்களுக்கு அடையாளம். விளங்குதோ?"

வாழை வைக்கவில்லை. கோழிக்கூட்டைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தோம்.

மற்ற வீடுகளில் ஓரிரு நிமிடமே நின்றவர் எங்கள் வளவில் அரை மணித்தியாலம் நின்றதை ஊர் கவனித்திருந்தது; ஊர்க் காணிகளை நான் காட்டிக் கொடுத்தேன் என்று சந்தேகம். அடுத்த நாள் நான் குழாயடிக்குப் போனதும் பெண்களின் கதை நின்றது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குழியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஒரு வருடமாகியும் எவரும் அளக்க வரவில்லை. மெல்ல மெல்ல என்னோடு திரும்பக் கதைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இன்று நம்புகிறேன். கணவர் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் தன் கிணற்றடியிலும் ஏதோ கல் கிடந்தது என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கதைக்குப் போனாள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.