மாடியேறிய டிவி

கோடை வெயிலில் என் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரே சாட்சி போதும். பின்பக்கம் பானைபோலப் புடைத்திருந்த பழைய டிவியை, இடுப்பு கழன்றுவிடும் என்று தெரிந்தும், ஒற்றை ஆளாக மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனவன் நான்.

சென்னையிலிருந்து மாற்றலாகி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்தில் குடியிருந்த காலம் அது. "ஒரு நாளாவது அடுப்பு வேக்காட்ட உட்டு வெளிய வந்து, காத்தாட உக்காந்து, சீரியல் பாத்துக்கினே சாப்பிடணுங்க" என்று மனைவி கேட்டிருந்தாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நான் அதைத் திருவிழாவாக்கினேன். கேபிள் ஒயரை ஜன்னல் வழியாக மேலே இழுத்தேன். பாய் விரித்தேன். பக்கெட் ஐஸில் பன்னீர் சோடா இரண்டு. பழவேற்காட்டு இறாலும் வாங்கி வந்தேன். இறால் சட்டியிலிருந்து சுடச்சுட வந்தால்தானே ருசி? ஆகவே அவள் கீழே வறுத்து வறுத்து மேலே கொண்டுவந்தாள். பிறகு தோசையும் அப்படியே, ஒவ்வொன்றாக. அவள் படியேறி வரும்போதெல்லாம் அதுவரை நடந்த கதையை விடாமல் சொன்னேன். அதுகூட ஒரு உதவி என்றுதான் நினைத்தேன்.

சீரியல் முடிந்தபோது பக்கெட்டில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகி, அவளுடைய சோடா திறக்காமலே கிடந்தது. அவள் கேட்ட காற்று, கதை, சாப்பாடு மூன்றும் எனக்குத்தான் கிடைத்திருந்தன.

அசடு வழிய, "நாளைக்கும் டிவி இங்கயே இருக்கட்டுமா?" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அடுப்ப தூக்கிக்கினு வாங்க."