பதினோராம் வகுப்பும் ஒரு மடவை மீனும்

சயின்ஸ் குரூப் எடுக்கலாமா, எப்படி இருக்கும் என்று எங்கள் குப்பத்துப் பெண்கள் பத்தாவது முடித்ததும் என்னிடம் வந்து கேட்பார்கள். உள்ளதைச் சொல்லிவிடுவேன். கண்ணாடிக் குடுவையில் பச்சையும் ஊதாவுமாகப் புகை கிளம்பும் என்று நினைத்துக்கொண்டு போகாதே. முதல் மூன்று மாதம் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடுவாய், பென்சில் சீவுவாய், வெர்னியர் என்ற கருவியை வைத்து ஒரே உருளையை ஏழு தடவை அளந்து ஏழு விடை எழுதுவாய். இயற்பியல் புரியாவிட்டாலும் வேதியியல் புரியும் என்று நம்புவாய். அங்கே போனதும் இயற்பியலே தேவலை என்றிருக்கும். எல்லாருக்கும் நடப்பதுதான், பயப்படாதே என்பேன். மீன் விஷயத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் அம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். வாங்குகிறவர்களுக்கு அங்கேயே வெட்டியும் கொடுப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பக்கத்தில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்துவிடுவேன். என் கை வேகத்தைப் பார்க்கவே சிலர் நிற்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்றில் ஆங்கில மீடியம் சேர்ந்தேன். நர்சிங் படிக்க வேண்டும் என்பது ஆசை. அதற்கு உயிரியல் வேண்டும். ஆனால் பாடத்தில் ஒவ்வொரு பெயரும் ரயில் பெட்டி மாதிரி நீளம். காலாண்டுத் தேர்வில் விலங்கியலில் பெயிலானேன். விலங்கியல் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார். கோபக்காரர் இல்லை, ஆனால் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை.

"காமர்ஸ் குரூப்ல இடம் இருக்கு, மாறிடும்மா. உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். எதுக்கும் வெள்ளிக்கிழமை லேப்ல நீ எப்படிப் பண்றேன்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மார்க்கெட்டிலிருந்து ஒரு மடவை மீனை வாங்கி வந்திருந்தார். தட்டில் அதை வைத்து, என்னிடம் கத்தி, கத்தரிக்கோல், குண்டூசி எல்லாம் கொடுத்து, உள்ளுறுப்புகள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திறந்து வைக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஹெச்.எம். கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. மிஸ் போய்விட்டார்.

என் படிப்பே அந்தத் தட்டில்தான் கிடந்தது. பயத்தில் மூளை நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. துடுப்பை நறுக்கினேன். செதிலை வழித்தேன். வயிற்றைக் கீறி, செவுளோடு சேர்த்து ஒரே இழுப்பில் குடலை எடுத்து, பேப்பரில் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே வீசினேன். குழாயில் மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். கனமாக ஆறு துண்டு போட்டேன். மிஸ் திரும்பி வந்தபோது, சத்தியமாக இப்படித்தான் கேட்டேன்:

"மிஸ், தலைய ரெண்டாப் போட்டுறவா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹார்ட் எங்க?"

நான் ஜன்னலைக் காட்டினேன். வெளியே மதில்மேல் இரண்டு காக்கைகள் பேப்பரை இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மிஸ் மேசைக்குப் போய் ஒரு கடிதம் எழுதினார். குரூப் மாற்றச் சம்மதம், பெற்றோர் கையெழுத்து இங்கே.

சாயங்காலம் நேராக மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மாவிடம் கடிதத்தை நீட்டும்போதே அழுகை வந்துவிட்டது. விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா குழம்பிப் போனாள்.

"சோக்காத்தானடி வெட்டிகீற? அப்பால இன்னா பேஜாரு அவங்களுக்கு?"

"இதயத்தக் காட்டணும்மா. நான் தூக்கிப் போட்டுட்டேன்."

"மீனுக்கு எங்க கீது அது?"

எனக்குத் தெரியவில்லை. படம் வரைந்திருக்கிறேன், அம்புக்குறி போட்டுப் பெயர்கூட எழுதியிருக்கிறேன். ஆயிரம் மீன் வெட்டியிருப்பேன், நிஜத்தில் ஓர் இதயத்தைக்கூடப் பார்த்ததில்லை. அம்மா அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய ஒரு மடவையை எடுத்தாள். வாங்க நின்ற ஆளிடம், "இர்ரு நைனா, கொஞ்சம் வேல கீது" என்றாள். செவுளைப் பிய்க்காமல், நான் படத்தை நினைவில் வைத்துச் சொல்லச் சொல்ல, தொண்டைக்குக் கீழே மெதுவாகக் கீறினாள். அங்கே இருந்தது. மொச்சைக்கொட்டை அளவுதான், கருஞ்சிவப்பு. செத்த மீனுக்குள் அது மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நின்றிருந்த ஆளும் குனிந்து பார்த்தார். மூன்று பேரும் அது நிற்கும்வரை பார்த்தோம்.

மறுநாள் சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு இருந்தது. அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு, ஒரு வாளியில் ஐஸ் போட்டு மடவையும் எடுத்துக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் கையிலிருந்த கடிதத்தில் கையெழுத்து இல்லை.

"டீச்சரம்மா, இவ பெயிலுதான். இருவது வர்சமா மீன் வெட்டிகினு கீறேன், நானுந்தான் பெயிலு. இன்னொரு தபா பாரு" என்றாள்.

மிஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இந்த முறை கத்தியை மெதுவாகப் பிடித்தேன். ஒன்றையும் பிய்க்காமல் திறந்து குண்டூசி குத்தினேன். இதயம், ஈரல், காற்றுப்பை எல்லாவற்றையும் தொட்டுக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் சொன்னேன். இரண்டு பெயரில் நாக்கு தடுக்கியது, மிஸ் எடுத்துக் கொடுத்தார். இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டார். இரண்டு என்றேன்.

"நேத்து துடிச்சிச்சே, இன்னிக்கு ஏன் துடிக்கல?" அம்மா இடையில் புகுந்தாள். "செத்தப்புறம் எப்டி துடிச்சிச்சு?"

மிஸ் முதல்முறையாகச் சிரித்தார். இதயம் தானாகவே துடிக்கக்கூடியது, மூளை சொல்லித்தான் துடிக்க வேண்டும் என்றில்லை, செத்த பிறகும் கொஞ்ச நேரம் துடித்துவிட்டுத்தான் நிற்கும் என்று அம்மாவுக்குப் புரிகிற தமிழில் விளக்கினார். பிறகு அம்மா கையிலிருந்த கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

"இவ இங்கயே படிக்கட்டும்மா. நீங்க போலாம், உங்களுக்கு வியாபாரம் கெடும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அம்மாவுக்கோ மிஸ் சொன்னது காதிலேயே விழவில்லை. முதல் பெஞ்சில் இருந்த பெண்ணைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"அத்த விடு டீச்சரு. அந்த ரத்தம் அங்கேர்ந்து எங்க போவுது, அத்தச் சொல்லு."