பல்லில் கடித்த பறி

பழவேற்காட்டு ஏரியில் நாங்கள் இறாலைக் கையால் தடவித்தான் பிடிப்போம். இடுப்பளவு தண்ணியில் குனிந்தால் ரெண்டு கையும் சேற்றில் கிடக்கும். பிடித்ததைப் போட ஓலைக்கூடை வேணுமே, அதுதான் பறி. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். அதனால் தண்ணியில் இருக்கிறவரை நான் யாரிடமும் பேசினதில்லை. எங்கள் ஊரில் என்னைப்போல வேகமாய்ப் பறி நிரப்பினவள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவன் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கினு இறால் வாங்க வருகிறவன். நான் கரையேறும்வரை தண்ணி ஓரமாகவே நடந்து பேசுவான். அவன் ஊட்டுக் கதை, அண்ணன் செய்த துரோகம், பார்த்த சினிமா எல்லாம் வரும். நான் தலையை ஆட்டுவேன். ஒரு வருசம் இப்படியே போனது. "உன்ன மாரி என்னப் புரிஞ்சிக்கினவங்க யாரும் இல்ல மே" என்றான். எனக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. பார்க்க நன்றாக இருப்பான்.

கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த நேரம். ஒன்றில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கூடப் போகலாமா வேணாமா என்று நான் நாலைந்து நாளாக யோசித்துக்கினு இருந்தேன். ஒருநாள் அவன் தண்ணிக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டான்.

"ரூம் பாத்துட்டேன். வெள்ளிக்கிழம கோயில்ல தாலி கட்டிக்கலாம். இனிமே நீ சேத்துல எறங்க வாணாம், ஊட்லயே இரு. இன்னா, சரியா?"

தலை ஆடினால் சரி என்று ஆகிவிடும். ஆட்டாமல் நின்றேன்.

"இன்னா மே, வாயத் தெறக்க மாட்டியா?"

பறியை எடுத்து நீட்டினேன். கையில் வாங்கப் பார்த்தான்.

"கையில இல்ல. பல்லுல."

சிரித்துக்கொண்டே கடித்தான்.

"வரேன்யா. உன்ன உட்டுட்டு இருக்க எனக்கும் கஷ்டந்தான். ஆனா ஊட்ல குந்திக்கினு இருக்க மாட்டேன். எனக்கும் அங்க ஒரு வேல கேளு. அப்புறம் எங்கம்மா..."

அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. "பொம்பளைக்கு இன்னாத்துக்கு வேல" என்று வாயைத் திறந்தான். பறி கவிழ்ந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் அவன் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை, பேசிக்கினே இருந்தான்.

"வெள்ளிக்கிழம நான் வரல" என்றேன்.

மிதந்த பறியை எடுத்துக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தேன். அழுகை வந்தது. கயிறு வாயில் இருந்ததால் சத்தம் வரவில்லை. சாயந்திரத்துக்குள் பாதிப் பறி நிரம்பியது.

ரெண்டு வருசம் கழித்து நானே கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனேன், வேறு கம்பெனி. ஒருநாள் பஸ்சில் என் பக்கத்தில் அவன் நின்றான். பொன்னேரி வரைக்கும் பேசினான். கல்யாணம் ஆகிவிட்டதாம், சூப்பர்வைசர் சரியில்லையாம். என் வாயில் வெற்றிலை இருந்தது. துப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். அதற்கு அவசியம் ஒன்றும் தெரியவில்லை.